பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

மொன்றியல் தீவின் மேற்குப் பக்கத்தில், சென் லூயி ஏரியை ஒட்டிய ஊர் புவாண்ட்-கிளேர். 1710இல் எழும்பிய கல் காற்றாலை இன்னும் அந்தக் கரையில் நிற்கிறது. கிழக்கே அடுத்த ஊர் டோர்வல். மொன்றியலின் ட்ரூடோ விமான நிலையம் இருப்பது அங்கேதான். ஃபேர்வியூ கடைத்தொகுதி வாசலில் காரை எடுத்தால், சாலையில் நெரிசல் இல்லாத நேரத்தில், கால் மணிக்குள் பெட்டியை இறக்கிவிடலாம். மேற்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் தென்மேற்கு முகமாக ஓடி எழும்பி இந்த ஊரின் மேலாகவே போகும். ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போகிறவைகூட முதலில் எதிர்த்திசையில் புவாண்ட்-கிளேரைக் கடந்துவிட்டு, அப்புறம்தான் வளைந்து கிழக்கே திரும்பும்.

வடக்கே ஒட்டியிருக்கும் டொலார்-தெ-ஒர்மோவில் திருமுருகன் கோவில் இருக்கிறது. அதைச் சுற்றிய மேற்குத் தீவுப் பகுதியில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் உண்டு, தமிழ்நாட்டுக் குடும்பங்களும் உண்டு. ஊருக்குப் போய் வருவது பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? முதல் கேள்விக்கு ஒரே பதில்தான். இரண்டாவதற்கு ஆளுக்கொரு பதில், ஆண்டுக்கொரு பதில்.

தூரத்தை முதலில் முடித்துவிடலாம். உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய வழியை அளந்தால் மொன்றியலிலிருந்து சென்னை ஏறத்தாழ 13,000 கி.மீ., கொழும்பு 13,600 கி.மீ., யாழ்ப்பாணம் 13,300 கி.மீ.க்குச் சற்று மேல். இந்தப் பூமியில் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று சுமார் 20,000 கி.மீ.க்கு மேல் தள்ளியிருக்க முடியாது. அந்த உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை மொன்றியல்–சென்னை தொட்டுவிடுகிறது.

சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் குறுகிய வழி விசித்திரமாகத் தெரியும். மொன்றியலில் தொடங்கும் கோடு கிழக்கே போகாமல் வடக்கு-வடகிழக்காக ஏறி, லாப்ரடாரைத் தாண்டி, கிரீன்லாந்தில் நூக் நகருக்குத் தெற்கே நுழைகிறது. நார்வே கடலில் 70 பாகை வடக்கு அகலாங்கைத் தொட்ட பிறகுதான் இறங்கத் தொடங்கும். ஸ்வீடனின் வட கோடி, ரஷ்யா, கஜகஸ்தான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், ராஜஸ்தான் என்று வந்து தக்காணத்தின் மேலாகச் சென்னை. ஒரு கொய்யாப்பழத்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் நூல் எங்கே படிகிறதோ, அதுதான் இது.

இந்தத் தூரத்தை, ஜெட் விமானத்தின் வழக்கமான வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் பதினாலரை மணி நேரம் வரும். கணக்கு சரிதான். அந்த நேரத்தில் போகிற விமானம்தான் இல்லை. மொன்றியலுக்கும் சென்னைக்கும் இடையே எங்கும் இறங்காத சேவையை எந்த நிறுவனமும் நடத்தியதில்லை. நடைமுறையில், எல்லாம் நன்றாக அமைந்தால் இருபது மணி நேரம். சாதாரணமாக இருபத்திரண்டு, இருபத்து நான்கு. மலிவான டிக்கெட் என்றால் முப்பதையும் தாண்டும். பதினாலரைக்கும் முப்பதுக்கும் நடுவில் கரையும் அந்த நேரம் எங்கே போகிறது?

சுற்றிப் போவதால்தான் என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அது நிற்காது. லண்டன் வழியாகப் போனால் மொன்றியல்–லண்டன் 5,200 கி.மீ., லண்டன்–சென்னை 8,200 கி.மீ.; கூட்டினால் நேர்க்கோட்டைவிட 450 கி.மீ. போலத்தான் கூடுதல். ஃபிராங்க்ஃபர்ட் வழியும் அதே அளவுதான். துபாய் வழியாக 13,550, தோஹா வழியாக 13,700. எல்லாவற்றிலும் அதிகச் சுற்றான தோஹாவில்கூடக் கூடுவது 700 கி.மீ.; பறக்கும் நேரத்தில் முக்கால் மணி. அதற்குப் பயணியின் இடுப்பு வலிக்குமே தவிர, பயணம் ஒரு நாளாக நீளாது.

இன்னும் வேடிக்கை டெல்லி. ஏர் கனடா 2021 அக்டோபர் 31 அன்று மொன்றியலிலிருந்து டெல்லிக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. மொன்றியல்–டெல்லி 11,270 கி.மீ., அங்கிருந்து சென்னை 1,760 கி.மீ. கூட்டினால் 13,030. மிகக் குறுகிய வழிக்கும் இதற்கும் முப்பது கிலோமீட்டர் போலத்தான் வித்தியாசம். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இதைவிடச் சிறந்த பாதை கிடையாது. ஆனால் டெல்லியில் இறங்குகிறவர் குடியேற்றச் சோதனையை முடிக்க வேண்டும், பெட்டி வரும் பட்டையருகே காத்திருந்து எடுக்க வேண்டும், சுங்கத்தைக் கடக்க வேண்டும், உள்நாட்டு விமானத்துக்குத் திரும்பப் பெட்டியைக் கொடுத்து மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டும். தோஹாவிலோ லண்டனிலோ மாறுகிறவரின் பெட்டி தானாகவே சென்னைக்குப் போய்விடுகிறது. கிலோமீட்டரில் ஜெயித்த பாதை மணிக்கணக்கில் தோற்பது இப்படித்தான்.

அப்படியானால் நேராகவே பறந்துவிட்டால் என்ன? விமானத்தால் முடியாதது அல்ல. போயிங் 787-9 ரகத்தின் எட்டும் தூரம் சுமார் 14,000 கி.மீ. என்று அதைக் கட்டும் நிறுவனம் சொல்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு 15,300 கி.மீ.க்கும் மேல் இறங்காமலே பறக்கிறது; பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த ஏர்பஸ் ஏ350இல் இருக்கும் 161 இருக்கைகளில் ஒன்றுகூடச் சாதாரண வகுப்பு அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு எரிபொருளைச் சுமந்து எழும்பும் விமானம், தொடக்கத்தில் அந்த எரிபொருளைச் சுமப்பதற்காகவே எரிபொருளை எரிக்கிறது. அந்தச் செலவைப் பிஸினஸ் வகுப்புப் பயணிகளால் தாங்க முடியும். சித்திரைக்கு ஊர் போகும் குடும்பம் தலைக்கு இரண்டு பெட்டி, நான்கு டிக்கெட் என்று கணக்குப் போட்டு வருகிறது. அவர்களை நம்பி தினமும் ஒரு விமானத்தை நிரப்ப எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை, குறைந்தபட்சம் இப்போது. இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையே வாரத்துக்கு 35 விமானங்கள்தான் என்றிருந்த வரம்பு 2022 நவம்பரில் நீக்கப்பட்டது. கனடிய நிறுவனங்கள் இறங்கலாம் என்று அந்த உடன்பாடு பெயர் சொல்லும் ஆறு இந்திய நகரங்களில் சென்னையும் ஒன்று. இந்திய நிறுவனங்களுக்குத் திறந்த கனடிய நகரங்களில் மொன்றியலும் ஒன்று. உரிமை தாளில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்த ஆள்தான் வரவில்லை.

உரிமை என்ற சொல் வந்ததால் மொன்றியலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். உலக வான்வழிப் போக்குவரத்துக்கு விதி வகுக்கும் ஐ.நா. அமைப்பான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் இந்த நகரத்தில்தான் இருக்கிறது. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமும் இங்கேதான். 1944 டிசம்பரில் சிக்காகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேலுள்ள வானத்தின் மீது முழு இறையாண்மை உண்டு என்கிறது. பயண நேரத்தை நிர்ணயிப்பதில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் பங்கு எஞ்சினுக்கே இல்லை என்றால் மிகையில்லை.

அதற்கு 2022ஐவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். உக்ரைன் போர் தொடங்கியதும் பிப்ரவரி 27 அன்று கனடா தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளுக்குத் தன் வானத்தை மூடியது. பட்டியலில் கனடாவும் இருந்தது. மேலே சொன்ன குறுகிய கோட்டின் நடுப்பகுதி முழுக்க ரஷ்யா என்பதால் கனடிய விமானங்கள் தெற்கே தள்ளி வளைந்து போக நேர்ந்தது. வான்கூவர்–டெல்லி சேவையை ஏர் கனடா அந்தக் கோடையில் சில மாதங்கள் நிறுத்தியே வைத்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களுக்கு வானத்தை மூடியபோது ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் ஏவுகணைகளால் தாக்கியது. கத்தார் வானம் மூடியது சில மணி நேரம்தான். ஆனால் தோஹாவில் விமானம் மாற வேண்டிய ஆயிரக்கணக்கானோர் எங்கெங்கோ இறக்கிவிடப்பட்டார்கள். நகரங்கள் நகரவில்லை, தூரம் மாறவில்லை.

வளைகுடா நிறுவனங்கள் மொன்றியலுக்கு வந்த கதையும் இதே வகைதான். கத்தார் ஏர்வேஸ் 2011 ஜூனிலேயே வந்துவிட்டது. எமிரேட்ஸ் வந்தது 2023 ஜூலையில். அந்தத் தாமதத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு சண்டை: அமீரக நிறுவனங்களுக்குக் கூடுதல் தரையிறங்கும் உரிமை தர கனடா மறுத்தது, பதிலுக்கு அமீரகம், ஆப்கானிஸ்தான் போருக்குக் கனடியப் படை பயன்படுத்திவந்த கேம்ப் மிராஜ் தளத்தை 2010 நவம்பரில் காலி செய்யச் சொன்னது. கனடியருக்கு விசாவும் கட்டாயமானது. டிக்கெட் தேடும் திரையில் ஒரு வழி கூடியதற்கும் குறைந்ததற்கும் பின்னால் இப்படி ஒரு படைத்தளம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்தியாவுக்கும் மொன்றியலுக்கும் இடையிலான மிகத் துயரமான பயணத்தைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகர முடியாது. 1985 ஜூனில் ஏர் இந்தியாவின் 182ஆம் எண் விமானம், ‘கனிஷ்கா’ என்ற போயிங் 747, டொராண்டோவிலிருந்து மொன்றியலின் மிராபெல் விமான நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து லண்டன், டெல்லி, பம்பாய் என்று போக வேண்டியிருந்தது. ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரத்தில் குண்டு வெடித்து 329 பேரும் இறந்தார்கள். குண்டு இருந்த பெட்டி வான்கூவரில் ஏற்றப்பட்டது. பெட்டி ஏறியது, பெட்டிக்காரர் ஏறவில்லை. பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டியையும் இறக்கு என்ற விதி உலகெங்கும் இறுகியது அதற்குப் பிறகுதான். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வதற்கும், ஓர் ஆள் வராததால் நாற்பது நிமிடம் ஓடுதளத்தருகே நிற்பதற்கும் பின்னால் இந்த நினைவு இருக்கிறது. டோர்வலை அடுத்த லஷீனில், நீர்க்கரையில், 2011இல் திறந்த நினைவிடம் ஒன்று உண்டு.

மிராபெல் தனிக் கதை. வருங்காலத்தின் விமான நிலையம் என்று சுமார் 97,000 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்தி, 1975 அக்டோபரில் திறந்தார்கள். வெளிநாட்டு விமானங்கள் மிராபெலிலும் உள்நாட்டு விமானங்கள் டோர்வலிலும் இறங்க வேண்டும் என்று ஏற்பாடு. நகரத்திலிருந்து அங்கே போக ரயில் போடுவதாகச் சொன்னார்கள், போடவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து கனடாவுக்குள் வேறோர் ஊருக்குப் போக வேண்டியவர் ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாலையில் அலைந்தார். 1997இல் வெளிநாட்டுச் சேவைகள் டோர்வலுக்குத் திரும்பத் தொடங்கின. 2004 அக்டோபர் இறுதியோடு மிராபெலில் பயணிகள் சேவை முடிந்தது. 1983க்குப் பிறகு இலங்கையை விட்டு விமானத்தில் வந்த தமிழர்களில் பலர் கனடிய மண்ணில் முதலில் கால் வைத்தது இப்போது இடிக்கப்பட்டுவிட்ட அந்தக் கட்டடத்தில்தான்.

விமானம் ஏற வழியில்லாதவர்களின் பயணமும் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழர்களை மீன்பிடிப் படகுகள் மீட்டன. ஜெர்மனியிலிருந்து சரக்குக் கப்பலில் கொண்டுவரப்பட்டு நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். மீட்கப்பட்ட பின் பெரும்பாலோர் மொன்றியலுக்கும் டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து ஏழு மணி நேரத்தில் ஜெட் விமானம் தாண்டிவிடும் அதே அட்லாண்டிக்தான்.

சரி, டிக்கெட் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த குழப்பம் கடிகாரம். குளிர்காலத்தில் மொன்றியலுக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் முதல் நவம்பர் வரை கனடாவில் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால் ஒன்பதரை. (இலங்கை 1996இலிருந்து 2006 வரை தன் நேரத்தை மாற்றி வைத்திருந்தபோது, விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு கணக்கு, வன்னிக்கு இன்னொரு கணக்கு என்று போன் பேசியவர்கள் மேற்குத் தீவில் இன்னும் இருக்கிறார்கள்.) ஜனவரியில் வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு மொன்றியலில் கிளம்பி இருபத்திரண்டு மணி நேரம் பயணம் செய்தால் சென்னையில் ஞாயிறு அதிகாலை ஐந்தரை. நாட்காட்டிப்படி முப்பத்திரண்டரை மணி நேரம் போயிற்று. சனிக்கிழமை என்று ஒன்று இருந்ததே ஞாபகம் இருக்காது. திரும்பும்போது ஞாயிறு விடிகாலை மூன்றரைக்குச் சென்னையில் ஏறி இருபத்து நான்கு மணி நேரம் கழித்து மொன்றியலில் இறங்கினால் அதே ஞாயிறு மாலை ஐந்து மணி. காகிதத்தில் பதின்மூன்றரை மணி நேரப் பயணம். திங்கள் காலை வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்க வைப்பது இந்தக் காகிதம்தான்.

போவதைவிட வருவது உண்மையிலேயே நீளம். வட அரைக்கோளத்தின் நடுப்பகுதியில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒன்று உண்டு. கிழக்கே போகிறவரை அது தள்ளிவிடும், மேற்கே வருகிறவரை மறிக்கும். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது நியூயார்க்கில் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று ஐந்து மணி நேரம்கூட ஆகாமல் லண்டனில் இறங்கியது. எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு அந்த வாரம் அப்படி அதிர்ஷ்டம் இல்லை. மொன்றியல்–தோஹா தடத்தில் இந்தக் காற்றால் போவதற்கும் வருவதற்கும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேறுபடும். அட்லாண்டிக்கின் மேல் விமானங்கள் போக வேண்டிய தடங்களையே தினமும் காற்றைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். மேற்குப் பாதியை நியூஃபவுண்ட்லாந்தின் கேண்டரிலிருந்து கவனிக்கிறார்கள்.

ஆனாலும் மொத்த நேரத்தை உண்மையில் தின்பது நடுவிலுள்ள காத்திருப்பு. ஒன்றரை மணி நேர இணைப்பு என்றால் முதல் விமானம் சற்றுத் தாமதித்தாலும் கதை கந்தல்; மொன்றியல் குளிர்காலத்தில் இறக்கையில் படிந்த பனியை மருந்தடித்து உருக்கவே அரை மணி போய்விடும். ஆறு மணி நேர இணைப்பு பாதுகாப்பு, ஆனால் நள்ளிரவில் உலோக நாற்காலியில் உட்கார வேண்டும். பத்து மணி நேர இணைப்பில் டிக்கெட் விலை இறங்கும். இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதுதான் ஒவ்வொரு குடும்பமும் போடும் உண்மையான கணக்கு. கிலோமீட்டர் அதில் வருவதே இல்லை.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கும் வீடுகளில் அந்தக் கணக்கு வேறு மாதிரி. 2011 டிசம்பரில் வந்த சூப்பர் விசாவுக்குப் பிறகு நீண்ட நாள் தங்க வரும் அம்மா அப்பாக்கள் கூடினார்கள். இங்கிலீஷும் பிரெஞ்சும் தெரியாத எழுபது வயது அம்மா தனியாகத் தோஹாவில் விமானம் மாற வேண்டும். பிள்ளைகள் கண்டுபிடித்திருக்கும் வழி சக்கர நாற்காலி. கால் நன்றாக இருக்கும். கோவிலை மூன்று சுற்றுச் சுற்றுவார். ஆனாலும் டிக்கெட்டில் வீல்சேர் கேட்டுவிடுவார்கள். இறங்கிய வாசலிலிருந்து அடுத்த வாசல்வரை ஓர் ஊழியர் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைப்பார். வளைகுடாவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் விமான வாசலில் இருபது முப்பது வீல்சேர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வியப்பது சகஜம். நடக்க முடியாததற்கு அல்ல, அறிவிப்புப் பலகையைப் படிக்க முடியாததற்கே அந்த நாற்காலி. விமான நிறுவனங்களுக்கும் இது தெரியும். நியாயமா என்று கேட்டால், நிஜமாகவே நடக்க முடியாதவர் காத்திருக்க நேரும்போது நியாயமில்லைதான். அம்மாவின் கையில் வேறு வழியைக் கொடுக்காதவரை அதைக் குற்றம் என்று சொல்லவும் மனம் வராது.

தொற்றுக் காலம் இந்தக் கணக்கையெல்லாம் ஒருமுறை தலைகீழாக்கியது. 2021 ஏப்ரல் 22 முதல் செப்டம்பர் இறுதிவரை இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களைக் கனடா தடை செய்தது. வேறு நாடு வழியாக வரலாம். ஆனால் கோவிட் பரிசோதனையை அந்த மூன்றாம் நாட்டில் எடுத்திருக்க வேண்டும். மாணவர்களும் விடுமுறைக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களும் அங்கங்கே நாட்கணக்கில் தங்கி, பரிசோதனை முடிவு வந்த பிறகு கிளம்பினார்கள். ஒரு நாள் பயணம் ஒரு வாரமானது.

யாழ்ப்பாணத்துக்காரர்களின் பாதையில் சென்னையோ கொழும்போ முடிவிடம் அல்ல. கொழும்பு, யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே இருக்கிறது. கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி ஏ9 சாலை வழியாக ஏறத்தாழ 400 கி.மீ. வடக்கே திரும்பி வர வேண்டும்; வேனில் ஏழெட்டு மணி நேரம். போர்க்காலத்தில் அந்தச் சாலை ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தது 2014 அக்டோபரில்தான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலி, சர்வதேச விமான நிலையமானது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கி, கோவிட்டில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. 2024 செப்டம்பர் முதல் இண்டிகோவும் பறக்கிறது. சென்னை–பலாலி 360 கி.மீ.; ஏடிஆர் என்ற சின்னப் பங்கா விமானத்தில் ஒன்றேகால் மணி போல. ஏழெட்டு மணி நேர வேன் பயணம் இப்படிக் குறைவதைப் பார்த்து மொன்றியலில் பலர் சென்னை வழியை யோசிக்கிறார்கள். யோசித்ததும் அடுத்த சிக்கல் எழும்: மொன்றியல்–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–பலாலி தனி டிக்கெட் என்றால் பெட்டியைச் சென்னையில் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்; அதற்கு இந்தியாவுக்குள் நுழைய வேண்டும்; கனடியக் கடவுச்சீட்டில் இந்திய விசா இல்லாமல் அது நடக்காது. 2023 செப்டம்பரில் இரு நாட்டு உறவு கெட்டுக் கனடியருக்கு விசா வழங்குவதை இந்தியா நிறுத்தியபோது அந்த வழி இரண்டு மாதம் அடைபட்டுக் கிடந்தது. இப்போதும் பலாலிக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் இந்திய விசா ஒன்று, இலங்கை அனுமதி ஒன்று என்று இரண்டு விண்ணப்பங்களை முதலில் முடித்துவிட்டுத்தான் விமான நேரங்களைப் பார்க்கிறார்கள்.